சைக்கிளுக்கு மட்டும் பற்றுச்சீட்டு

சட்டத்தரணிகள் சங்கத்து மலருக்கு ‘அரசின் அதிகாரமும் அரசியலமைப்பு இட்ட எல்லையும்’ என்ற தலைப்பில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். தலைப்பு நன்றாக இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே தலைப்பில் ஒன்றரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். கேட்டவர்கள்தான் மூச்சுத் திணறிப் போவார்கள். இப்போது அவ்வளவு தூரம் ஓட உடம்பு இடம் தராது. ஆகவே ஒரு சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். முகத்தைச் சுளிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் நானும் இந்தச் சைக்கிளைப் பார்த்து முகத்தைச் சுளித்தவன்தான், அதனால் ஒருவனுடைய வாழ்க்கையே கைநழுவிப் போகப் பார்த்தது.

எண்பத்து நான்காம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு சீனியரிடம் நான் வேலை பழகிக்கொண்டிருந்தேன். சீனியரிடம் தோல் அட்டை போட்ட அரசியலமைப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தை அவர் ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்புவிப்பார். ‘காரணம் சொல்லாமல் எவரையும் கைது செய்யலாகாது’ என்ற இடம் வரும்போது குரலை உயர்த்தி, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். வெளியே வீதியில் அதே நேரத்தில் இராணுவ வாகனம் காரணம் சொல்லாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். சீனியர் யன்னலைச் சாத்திவிட்டு அடுத்த பந்திக்குப் போவார். அவரைப் பழிக்கவில்லை. நானும் யன்னல் சாத்தும்வரை காத்திருந்து குறிப்பு எடுத்தவன்தான்.

ஒருநாள் காலை திரேசம்மா என்ற பெண் வந்தாள். குருநகர்க் கடற்கரையில் வீடு, ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் செபமாலை. மகன் அன்ரனுக்கு இருபத்திரண்டு வயது. கடலுக்குப் போய் அதிகாலையில் வந்தவன், கொழும்புத்துறையில் இருக்கிற மாமி வீட்டுக்குக் கொஞ்ச மீன் கொடுக்கச் சைக்கிளில் போயிருக்கிறான். சந்தியில் மறித்து ஏற்றிவிட்டார்கள். மூன்று நாளாயிற்று. முகாமில் கேட்டால் அப்படி ஒருவரைத் தெரியாது என்கிறார்கள். பொலிசில் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள்.

“ஐயா, நான் பொலிசுக்குப் போனனான். அங்கை அவன்ரை சைக்கிள் நிக்குது,” என்று தொடங்கினாள்.

“சைக்கிளை விடுங்கோ அம்மா. மகனைப் பற்றிச் சொல்லுங்கோ.”

“அதைத்தான் சொல்லுறன் ஐயா. சைக்கிளை நான் பிடிச்சு இழுக்க, அந்தச் சார்ஜன்ற் ஒரு துண்டு...”

“அம்மா, பிள்ளையைக் காணேல்லை எண்டு வந்திட்டு நீங்கள் சைக்கிளைப் பற்றிக் கதைக்கிறியள். ஒரு சைக்கிள் போனால் இன்னொண்டு வாங்கலாம்.”

அவள் மடியில் இருந்து ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தாள். அச்சடித்த படிவம், கையால் நிரப்பியது, முழுக்கச் சிங்களம். எனக்குச் சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாமல் போனது தற்செயல் அல்ல. மாணவனாக இருந்தபோது கொள்கைக்காகப் படிக்க மறுத்த தலைமுறை நான். கொள்கை பெரியது. ஆனால் ஒரு மீனவப் பெண்ணுக்கு முன்னால் “எனக்கு இதை வாசிக்கத் தெரியாது” என்று சொல்ல அந்தக் கொள்கை இடம் தரவில்லை. படிவத்தை மேலும் கீழும் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஏதோ சைக்கிள் சாமான் என்று சொல்லிக் கோப்பின் கடைசியில் செருகிவிட்டேன்.

இனி நான் செய்த மகத்தான வேலைகளைக் கேளுங்கள். முதலில் முகாம் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பிரதிகள் அரசாங்க அதிபருக்கு, இரண்டு அமைச்சருக்கு, ஒரு செயலாளருக்கு. எங்கள் ஆட்களுக்குப் பதிவுத் தபாலில் இருந்த நம்பிக்கை உங்களுக்கு விளங்காது. கடிதம் பதிவாகிவிட்டால் பாதி வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைப்போம். பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்குப் பிறகு, முதல் நினைவூட்டலை நினைவூட்டி இன்னொன்று. பதிலும் வந்தது: ‘உங்கள் கடிதம் கிடைத்தது. கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.’ அதை நான் சீனியரிடம் காட்டினேன். “பார்த்தீரோ, பதில் போடுறாங்கள்,” என்று அவரும் மகிழ்ந்தார்.

இதற்கிடையில் மனுவை எழுதினேன். அடிப்படை உரிமை மீறப்பட்டால் கொழும்பிலே பெரிய கோட்டில், அதாவது உச்ச நீதிமன்றத்தில், ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். ஒரு மாதம் தப்பினால் கதவு அடைபட்டுவிடும். இது எனக்கும் தெரியும், சீனியருக்கும் தெரியும். ஆனாலும் மனுவின் ஆங்கிலம் எங்களுக்குத் திருப்தி தரவில்லை. தனிமனித சுதந்திரம் பற்றிய ஆறாம் பந்தியை மட்டும் நான்கு தடவை திருத்தினோம். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் போடலாமா என்று இரண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுவதும் வாதாடினோம். திரேசம்மா அன்று வெளியே வாங்குப் பலகையில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் எங்கோ ஒரு இருட்டறையில் இருந்தான், நாங்கள் அவனுக்காக அழகான ஒரு பெயரடை தேடிக்கொண்டிருந்தோம். இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அன்ரனைப் பிடித்து இருபத்தேழாம் நாள் கோட்டு முதலியார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கோட்டிலே மொழிபெயர்க்கிறவரை நாங்கள் முதலியார் என்போம். மும்மொழியும் தெரிந்தவர், எவருடைய ஆங்கிலத்தையும் மதிக்காதவர். வேறு ஏதோ அலுவலாக வந்தவர் என் கோப்பைப் புரட்டினார். ஆறாம் பந்தியில் நிற்காமல் நேரே கடைசித் தாளுக்குப் போய்விட்டார். அவருடைய முகம் மாறியது.

“உதை எப்ப வாங்கினனீர்?”

“மூன்றாம் நாள். சைக்கிள் துண்டு அண்ணை. பெரிசாய் ஒண்டும் இல்லை.”

“பெரிசாய் ஒண்டும் இல்லையோ? நீர் வாசிச்சனீரோ?”

முதலியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை. பிறகு படிவத்தை உரத்துத் தமிழில் வாசித்தார். கைப்பற்றிய பொருள்: கறுப்புச் சைக்கிள் ஒன்று, டைனமோவுடன், இலக்கம் இன்னது. பனையோலைக் கூடை ஒன்று. மீன் நான்கு, அழுகும் பொருளாகையால் அப்புறப்படுத்தப்பட்டது. உரிமையாளரின் பெயர்: அன்ரன், தகப்பன் பெயர், விலாசம். அடுத்தது ஏழாம் கட்டம்: உரிமையாளர் பொருளைப் பொறுப்பேற்க நேரில் வராததற்கான காரணம். அதற்கு நேரே, திருத்தமான கையெழுத்தில்: ‘அன்று காலை ஆறே முக்காலுக்குக் கொழும்புத்துறைச் சந்தியில் கைது செய்யப்பட்டு இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டமை.’ கீழே சார்ஜன்ற்றின் ஒப்பம், இலக்கம், திகதி, முத்திரை.

அந்தச் சார்ஜன்ற்றை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லா அரசாங்கக் கந்தோரிலும் ஒருவர் இருப்பார், படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மேலே இருப்பவர்கள் ஆளே இல்லை என்று சாதித்துக்கொண்டிருக்க, இந்த மனிதர் ஆள் ஏன் வரவில்லை என்று காரணம் எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறார்.

திரேசம்மா வெளியே இருந்து வந்தாள். “அது மீன் எண்டால் விளைமீன் ஐயா. நாலும் நல்ல பெரிசு. அப்புறப்படுத்தினவங்களாம்! பொரிச்சுத் திண்டிருப்பாங்கள்,” என்றாள். அவளுக்கு அந்தத் துண்டில் மகனைப் பற்றி இருப்பது தெரியாது. தன்னை வாசலால் கலைக்கத்தான் சார்ஜன்ற் அதை எழுதித் தந்தான் என்று நினைத்திருந்தாள். விளக்கிச் சொன்னதும் நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “இவ்வளவு நாளும் இது உங்களிட்டைத்தானே தம்பி இருந்தது?”

அன்றிலிருந்து நான் ஐயா அல்ல, தம்பி. அது அன்பினால் வந்த மாற்றம் என்று நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ரயிலில் நானும் திரேசம்மாவும் கொழும்புக்குப் போனோம். ஆறாம் பந்தியை வெட்டி எறிந்துவிட்டு, துண்டின் மூலப் பிரதியை மனுவோடு இணைத்தேன். இருபத்தொன்பதாம் நாள் மனுவைப் பதிந்தோம். அவசரம் என்று கேட்டதால் முப்பதாம் நாளே அழைத்தார்கள்.

கோட்டு விறாந்தையில் அரச சட்டத்தரணி என்னைத் தேடி வந்தார். சட்டக் கல்லூரியில் என்னோடு படித்தவர், நல்ல மனிதர், தோளிலே கை போட்டுத்தான் பேசுவார். “மச்சான், இதை இப்போது வாபஸ் வாங்கு. நான் தனிப்பட்ட முறையில் விசாரித்து ஆளைக் கண்டுபிடித்துத் தருகிறேன். மேலிடத்தோடு ஏன் முட்டுகிறாய்? முட்டினால் அந்தப் பெடியனுக்குத்தான் ஆபத்து,” என்றார். பயமுறுத்தலாகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடு சொன்னார். அதுதான் சிக்கல். ஒருவர் பயமுறுத்தினால் எதிர்த்து நிற்க எனக்குத் தெரியும். தோளிலே கை போட்டால் என்ன செய்வதென்று சட்டக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை. என் மனம் இளகிவிட்டது. அன்று முப்பதாம் நாள் என்பதும், வாபஸ் வாங்கினால் நாளைக்கு மீண்டும் போட வழியே இல்லை என்பதும் அந்த நிமிடம் என் நினைவில் இல்லை. மச்சான் என்று கூப்பிட்டது மட்டும் நினைவில் இருந்தது.

திரேசம்மாவிடம் போய்ச் சொன்னேன். நானும் வாபஸ் வாங்குவது நல்லது என்பது போலத்தான் சொன்னேன்.

“அவருக்கு என்ரை பிள்ளை எங்கை எண்டு தெரியுமோ?”

“தெரியாது. தேடித் தாறன் எண்டுறார்.”

“பிள்ளையைக் கொண்டுவந்து விடச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு கடதாசியைத் திருப்பி எடுப்பம். ஆள் வராமல் கடதாசியைக் குடுத்தால் என்ரை கையிலை என்ன இருக்கு தம்பி?”

ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நானோ ஆறாம் பந்தியை நான்கு தடவை திருத்தியவன்.

உள்ளே எங்கள் வழக்கை அழைத்தார்கள். அரச சட்டத்தரணி எழுந்து, அப்படி ஒருவர் கைது செய்யப்படவே இல்லை என்று தமக்கு அறிவுறுத்தல் கிடைத்திருப்பதாகச் சொன்னார். நான் எழுந்தேன். வெட்டி எறிந்த ஆறாம் பந்தி என் வாயிலே மனப்பாடமாக இருந்தது. இரண்டு வசனம் வெளியே வந்தும் விட்டது. நீதியரசர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் செபமாலை மணி உருளும் சத்தம் கேட்டது. பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, “கடைசி இணைப்பைப் பார்க்கும்படி மன்றைப் பணிவாகக் கேட்கிறேன்,” என்று சொல்லி இருந்துவிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வாதம் அதுதான். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

நீதியரசர் வாசித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். பிறகு அரச சட்டத்தரணியிடம் நீட்டி, “ஏழாம் கட்டத்தை மன்றுக்கு உரத்து வாசியுங்கள்,” என்றார். அவர் வாசிக்கத் தொடங்கியபோது இருந்த குரல் முடிக்கும்போது இல்லை.

“இல்லாத ஒருவர் எப்படிச் சைக்கிள் ஓடினார்?”

“அது பற்றி எனக்கு அறிவுறுத்தல் இல்லை, பிரபு.”

“மீனைப் பற்றியாவது அறிவுறுத்தல் இருக்கிறதா?”

மன்றில் எல்லோரும் சிரித்தார்கள். திரேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆங்கிலம் விளங்காததால் அல்ல. அவளுக்கு நடந்தது எல்லாம் விளங்கியிருந்தது.

ஒரு வாரத்துக்குள் ஆள் எங்கே என்று அறிவிக்கும்படி கட்டளை வந்தது. ஐந்தாம் நாள் தெற்கே ஒரு முகாமில் அன்ரன் ‘கண்டெடுக்கப்பட்டான்’. அவர்கள் பாவித்த சொல் அதுதான், ஏதோ வீதியில் விழுந்து கிடந்த பேனையைப் போல. இரண்டு மாதத்தில், குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் வெளியே வந்தான். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. வலை பொத்துகிற விரல்கள். கோட்டிலே பிறகு தீர்ப்பும் எழுதினார்கள், அவனுடைய உரிமை மீறப்பட்டதென்று. சீனியர் தீர்ப்பை வாசித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆறாம் பந்தி இருந்திருந்தால் தீர்ப்பு இன்னும் சிறப்பாக வந்திருக்கும் என்று அவருக்கு ஒரு மனக்குறை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் உங்களுக்கு ஒரு வீரன். ஆனால் சைக்கிள் இருக்கிறதே.

அன்ரன் சைக்கிளை எடுக்கப் பொலிசுக்குப் போனான். பற்றுச்சீட்டின் மூலப் பிரதி வேண்டும் என்றார்கள். மூலப் பிரதி கொழும்பிலே, வழக்குக் கோப்பில். அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரதிக்குச் சைக்கிள் தர விதியில்லை என்றார்கள். அந்தப் பழைய சார்ஜன்ற் மாறிப் போய்விட்டார், ஆனால் அவருடைய ஒழுங்கு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ஆளைப் பிடிக்க எந்தக் கடதாசியும் தேவைப்படாத நாட்டில், சைக்கிளை விடுவிக்க மூலக் கடதாசி வேண்டும். சைக்கிள் மதிலோடு நின்று துருப்பிடித்தது. அடுத்த வருடம் சண்டை வந்தபோது அந்த மதிலும் இல்லாமல் போனது.

திரேசம்மா என்னைக் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொன்னாள்: “அந்தத் துண்டை நீங்கள் என்னட்டை வாங்கேக்கை எனக்கு ஒரு துண்டு எழுதித் தந்திருக்கலாம் தம்பி.”

ஏழு வருடம் போயிற்று. எங்களை ஆள்கிறவர்கள் மாறிவிட்டார்கள். இப்போது ஊரை ஆண்ட இயக்கத்தார் எங்கள் மொழி பேசினார்கள், எங்கள் பாடசாலைகளில் படித்தவர்கள். அவர்களும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களிடமும் நீதிமன்றம் என்று ஒரு கோடு இருந்தது. அவர்களையே எதிர்த்து வழக்குப் போடத்தான் ஒரு கோடு இருக்கவில்லை. நான் அப்போது காணி உறுதி எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். உரிமைகள் பற்றிய என் பேச்சை முற்றாக நிறுத்தியிருந்தேன். தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. பயம்.

ஒரு காலை திரேசம்மா வந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது. “அன்ரனைக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள் தம்பி. விசாரணையாம்.”

நான் எழுந்து போய் யன்னலைச் சாத்தினேன். அப்போதுதான் சீனியரின் ஞாபகம் வந்தது. “அம்மா, அவங்களிட்டை ஒண்டும் கேட்டுக் கொண்டு நிக்காதேங்கோ,” என்றேன் மெதுவாக.

“நான் கேட்டிட்டன்,” என்றாள்.

வீட்டு வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, துண்டு தராமல் விடமாட்டேன் என்று நின்றிருக்கிறாள். வந்தவர்களில் இளையவன் சிரித்துவிட்டு, பேத்தியின் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்திருக்கிறான். ‘அன்ரன் என்பவரை விசாரணைக்காகப் பெற்றுக்கொண்டோம்.’ திகதி, நேரம், ஒப்பம். நல்ல வடிவான தமிழ்க் கையெழுத்து. இந்தத் தடவை, பிறகு வாங்கிய சைக்கிளைக் கொண்டு போகவில்லை, அது வீட்டில் நிற்கிறது என்றாள். இந்தத் தடவை ஆளுக்கே பற்றுச்சீட்டு கிடைத்திருந்தது.

“இதை எந்தக் கோட்டிலை போடுறது தம்பி?”

முதல் தடவை என்னிடம் இருந்தது வாசிக்கத் தெரியாத துண்டு, ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருந்தது. இது ஒவ்வோர் எழுத்தும் விளங்கிய துண்டு. அதை வைத்துக்கொண்டு நான் அழுதேன். அவள் அழவில்லை.

“உங்களிட்டையே வைச்சிருங்கோ. எங்கடை வீட்டிலை வைச்சால் கடல் காத்துக்கு உக்கிப்போம்,” என்றாள். எழுந்தவள் போகவில்லை. மேசைக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. தாள் எடுத்து எழுதினேன்: திரேசம்மாவிடமிருந்து கொப்பித் தாள் ஒன்று பெற்றுக்கொண்டேன், கேட்கும்போது மூலப் பிரதியைத் திருப்பித் தருவேன். திகதி, ஒப்பம், முத்திரை. அவள் முதலியாரைப் போல ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது, சீனியர் எனக்கு விட்டுச்சென்ற தோல் அட்டைப் புத்தகத்தை அலுமாரியில் விட்டுவிட்டு இந்தக் கொப்பித் தாளைச் சட்டைப் பையில் கொண்டு போனேன். அன்ரன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சென்ற மாதம் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். திரேசம்மாவின் பேத்தி, அன்ரனின் மகள். கொப்பி அவருடையதுதான். அம்மம்மா சுகமோ என்று கேட்டேன். அம்மம்மா இல்லை, அப்பம்மா என்று திருத்தினார்; அப்பம்மா செத்து நாற்பது நாள். மேசையில் என்னுடைய துண்டை வைத்தார். மடிப்பிலே கிழிந்து, பின்னால் மெழுகுக் கடதாசி ஒட்டியிருந்தது.

“இதைக் குடுத்திட்டு அதை வாங்கச் சொன்னவ.”

எடுத்துக் கொடுத்தேன். என்ன செய்யப் போகிறீர் என்று கேட்டேன். காணாமல் போனவர்களைத் தேட ஏதோ ஆணைக்குழு வருகிறதாம், மூலப் பிரதி கேட்கிறார்களாம்.

“குடுக்கப் போறீரோ?”

“துண்டு தந்தால் யோசிப்பன். முதல்லை ஒரு சட்டத்தரணி வேணும் ஐயா. நீங்கள் வாறியளோ?”

எனக்கு வயது போய்விட்டது என்றேன். அது பாதிதான் உண்மை. அவருக்கு உங்கள் சங்கத்து விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை வருவதாகச் சொன்னார். வந்தால் இருக்கச் சொல்லுங்கள். அப்பம்மாவைப் போலத்தான் கதைப்பார். சைக்கிளில் இருந்து தொடங்குவார். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள். எதை வாங்கினாலும் முதலில் ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்.